கழற்றி வைத்த கடிகாரம்

மார்ச் 3
இன்று என் நடிப்பைப் பார்க்க மூன்று உலகமும் திரண்டிருக்க வேண்டும். வந்தது ஒன்பது பேர். மனைவியை அடிக்கும் ஆண்களைக் குழுவாக உட்கார வைத்துத் திருத்தப் போகிறவர்கள். அவர்களுக்குப் பயிற்சி தரும் மகா ஆசான் அடியேன். அடிப்பவனாக நான் நடிப்பேன், அவர்கள் அசராமல் கேள்வி கேட்க வேண்டும். நான் விட்ட நக்கலுக்கு எட்டுப் பேர் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். உடனே பிடித்துக்கொண்டேன்: "அவன் ஜோக்குக்கு சிரிச்சா நீங்களும் அவன் கட்சி. அவ்வளவுதான்."

ஒன்பதாவது ஆள் சிரிக்கவில்லை. என் தங்கை மகள்.

மார்ச் 4
தேநீர் இடைவேளையில் மாடிப்படிக்குக் கூட்டிப்போனாள்.

"மாமா, நேத்து கத்துறதுக்கு முன்னாடி வாட்சைக் கழட்டி மேசை மேல வெச்சீங்களே, அது யாரைப் பார்த்து?"

"சும்மா, நடிப்பு."

"எங்கப்பா அப்படித்தான் செய்வார். வீட்டுக்குள்ள மட்டும். உங்களுக்கு யார் சொன்னா?"

ஏழு ஊருக்குக் கேட்கும் வாய் என்னுடையது. "டீ ஆறுது" என்று மட்டும் முனகிவிட்டுப் படியிறங்கினேன்.

மார்ச் 5
யார் சொன்னா? அவள் அம்மாதான். ஆறு வருடம் முன்பு, என் வீட்டில், எல்லாரும் சாப்பிடும்போது. மாப்பிள்ளை அன்று வரவில்லை; அந்தத் தைரியத்தில் சொன்னாள் போல. "அவர் வாட்சைக் கழட்டினாலே எனக்குக் கை நடுங்குதுண்ணே."

நான் என்ன செய்தேன்? "வாட்சுக்கு அடிபடக் கூடாதுன்னு எவ்வளவு அக்கறை பாரு என் மாப்பிள்ளைக்கு." எல்லாருக்கும் புரையேறியது. அவளும் சிரித்தாள். தண்ணீர் எடுக்கப் போனவள் வெகுநேரம் திரும்பவில்லை.

மறந்துட்டேன்னு சொல்ல முடியுமா? மறந்திருந்தா என் கை ஏன் தானா வாட்சுக்குப் போச்சு?

மார்ச் 6
தங்கை வீட்டுக்குப் போகவில்லை. முழங்கால் வலி என்று எனக்கு நானே புளுகினேன்.

மார்ச் 9
மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பியதும் போனேன். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் நாலு ஜோக் தயார் செய்திருந்தேன். ஒன்றையும் எடுக்காமல் எதிரே உட்கார்ந்தேன்.

"அன்னிக்கு நீ சொன்னே. நான் எல்லாரையும் சிரிக்க வெச்சேன்."

"ஆமாண்ணே." கையிலிருந்த சட்டையை முடித்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். "அதுக்கப்புறம் யார்கிட்டயும் சொல்லத் தோணல."

"இப்ப சொல்றியா?"

"நீ ஜோக் அடிப்பே."

"மாட்டேன்."

நம்பவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. கூடை காலியாகும் நேரத்தில் சொல்ல ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மார்ச் 17
காலை பதினொன்று. தங்கை எங்கள் முன்னறையில் இன்னும் தூங்குகிறாள். அம்மா பகலில் தூங்கிப் பார்த்ததே இல்லை என்கிறாள் மகள். கட்டிலடியில் இருவரும் வீட்டைவிட்டுக் கொண்டுவந்த இரண்டு பெட்டிகள்.

குளிக்கப் போனேன். கதவைச் சாத்திய பிறகுதான் வாட்சைக் கழற்றினேன்.