உப்பு வண்டியை ஓட்டாத மனிசனுக்கு

இஞ்சாருங்கோ துளசியின் அப்பா,

பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. இனிமேல் பழகியும் என்ன? ஆனால் அன்பாகக் கூப்பிடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்களோடு சண்டை பிடிக்கவே எழுதுகிறேன். உயிரோடு இருந்தபோது நான் வாயைத் திறந்தால் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பாரிசில் எங்கள் சனம் கூடும் லாச்சப்பல் பக்கம் போய்விடுவீர்கள். இப்போது எங்கே போவீர்கள்?

உங்கள் தம்பி நேற்று எங்கள் பொண்டி வீட்டுக்கு வந்தார். உங்கள் ஆண்டுத் திவசத்துக்கு மண்டபம் பிடிக்கப் போகிறாராம். துளசி பெரியபிள்ளையானபோது சாமத்திய வீடு செய்தோமே, அதே மண்டபம். வாசலில் ஆளுயரத்துக்கு உங்கள் படம், முந்நூறு பேருக்குச் சாப்பாடு.

"அண்ணி, மண்டபம் பிடிச்சுச் செய்யாட்டி சனம் என்ன கதைக்கும்? எத்தினை பேருக்குச் சோறு போட்ட மனுசன்!"

"போன மார்கழி சனமோ எங்கடை வாடகையைக் கட்டினது?" என்று கேட்டேன். தேநீரைக் குடிக்காமல் எழும்பிப் போனார். அப்படியே உங்கள் குணம்.

அந்தச் சனத்துக்கு உங்களைக் கோடையில்தான் தெரியும். பங்குனி பிறந்தால் நீங்கள் ராசா. வீதி போடும் இடத்துக்கெல்லாம் டிப்பரில் கொதிக்கும் தாரை ஏற்றிக்கொண்டு ஓடினீர்கள். மாடாய் உழைத்தீர்கள், அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. கை நிறைய வரும். வந்ததைக் கோயில் உபயம், பிறந்தநாள், மண்டபம் என்று புரட்டாசி முடிவதற்குள் வாரி இறைத்துவிடுவீர்கள். பிறகு குளிர் வரும். கொட்டுவதற்குள் தார் இறுகிவிடும் என்று வேலையை நிறுத்துவார்கள். டிப்பர்கள் மதிலோரம் நிற்கும், உங்கள் ஒப்பந்தமும் முடியும். அதற்குப் பிறகு வேலையில்லாதவர்களுக்குக் கிடைக்கும் சோமாஜ் காசும், நான் உணவகத்தில் கோப்பை கழுவிக் கொண்டுவருவதும்தான். அந்தச் சாமத்திய வீடே வேண்டாம் என்று துளசி அழுதாளே, நினைவிருக்கிறதா?

வேலையில்லாத நாளிலும் காலையில் செம்மஞ்சள் வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்படுவீர்கள். லாச்சப்பலில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருத் தேநீர்க் கடையில் இருந்து, ஏதோ வேலைக்கு நடுவில் வந்தவர்போலக் கதை அளப்பீர்கள். ஏன் இந்தக் கூத்து என்று கேட்டால், "வீட்டிலை இருக்கிற ஆம்பிளை எண்டு பேர் எடுக்கச் சொல்லுறீரோ? உமக்கு உது விளங்காது" என்பீர்கள். எனக்கு விளங்கவில்லைத்தான்.

உங்கள் செத்தவீட்டில்தான் விளங்கியது. உங்களோடு டிப்பர் ஓட்டிய மாலி நாட்டுக்காரன் மமது வந்திருந்தான். அழுதழுது பிரெஞ்சில் சொன்னான். குளிர்காலத்தில் பனி உருக வீதிகளுக்கு உப்புத் தூவும் வண்டியை ஓட்ட, முதலாளி ஒவ்வொரு வருசமும் முதலில் உங்களைத்தான் கேட்டாராம். கார்த்திகையிலிருந்து மாசி வரை ஒழுங்கான சம்பளம். நீங்கள் மறுத்த பிறகுதான் அவனுக்குக் கிடைத்ததாம். ஏன் மறுத்தார் என்று கேட்டேன். "அந்த வண்டி லாச்சப்பலுக்குள்ளும் போகும். தன்னுடைய ஆட்கள் பார்ப்பார்கள் என்று அவன் சொன்னான்," என்றான் மமது.

பார்த்தால் என்ன?

தார் கொட்டினால் கௌரவம், உப்புக் கொட்டினால் அவமானமா? யாருடைய சட்டம் இது? ஒருவர் கண்ணிலும் படாத வேலை வேண்டும் என்று, எபினே ஊரில் ஒருவரின் வீட்டுக் கூரையைப் பிரிக்கக் களவாகப் போனீர்கள். பனி உறைந்த சாரப் பலகையில் கால் வைத்தீர்கள். அதில் ஒரு பிடி உப்புப் போட ஆளில்லை. கோயிலில் உங்களோடு தோள் உரசி நின்ற அந்த வீட்டுக்காரர் பொலிசுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "சும்மா பார்க்க வந்தவர், தவறி விழுந்துவிட்டார்." அவர்தான் உங்கள் சனம். மண்டபம் பிடித்தால் முதல் வரிசையில் இருக்கப் போகிறவரும் அவர்தான்.

எனக்குக் கோபம் ஆறவில்லை. காலப்போக்கில் ஆறும் என்று சொல்பவர்களையும் பிடிக்கவில்லை. துளசி உங்கள் செம்மஞ்சள் சட்டையைத் தன் அலுமாரியில் வைத்திருக்கிறாள். எறியச் சொன்னால் பிரெஞ்சில் கத்துகிறாள்.

இன்று காலை நான் வேலைக்குப் போகும்போது லாச்சப்பலில் பனி கொட்டிக் கிடந்தது. உப்பு வண்டி வந்தது. ஓட்டியவன் மமது, என்னைக் கண்டு கை காட்டினான். தேநீர்க் கடை வாசலில் உங்கள் கூட்டாளிகள் நின்றார்கள், உங்கள் தம்பியும் நின்றார். உப்பு அவர்களின் சப்பாத்தில் வந்து விழுந்தது. ஒருவராவது ஓட்டுபவனை நிமிர்ந்து பார்ப்பார் என்று காத்து நின்றேன். ஒருவரும் பார்க்கவில்லை. வழுக்கி விழாமல் எல்லாரும் தங்கள் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இவர்களுக்காகவா போனீர்கள்?

மண்டபம் கிடையாது என்று தம்பியிடம் அங்கேயே சொல்லிவிட்டேன். திவசம் வீட்டில் நடக்கும். உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைப்பேன். மமதுவை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். உங்கள் மகளைச் சனத்தின் கண்ணுக்காக வாழ ஒருநாளும் விடமாட்டேன். இது சத்தியம்.

கோபம் ஆறாத,
உங்கள் மனிசி