விசிறி போடாமல் ஆறு மணி நேரம்

அன்புள்ள அம்மாவுக்கு, மகள் எழுதுவது. மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறாயா? அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் நலம்; நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

நான் வரைபடம் போட்ட பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பறை எழும்பிவிட்டது. இருக்கிற பணத்துக்கு ஏசி கட்டுப்படியாகாது. அதனால் எதிரெதிரே ஜன்னல், சூடான காற்று வெளியேறக் கூரையை ஒட்டித் திறப்பு, மொட்டைமாடிக்கு வெள்ளைப் பூச்சு என்று செய்தேன். நிர்வாகக் குழு நம்பவில்லை. "நீங்களே உள்ள உட்கார்ந்து காட்டுங்க, பாப்போம்" என்றார்கள். எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. நேற்றுக் காலை பத்து மணி முதல் நாலு மணி வரை விசிறி போடாமல் தனியாக உட்கார்ந்திருந்தேன். பயப்படாதே, குடிக்கத் தண்ணீர் வைத்திருந்தேன்.

நாலு மணிக்குத் தலைமையாசிரியை வந்து என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "அட, வேர்க்கவே இல்லையேம்மா! மீதி ரூமையும் இப்படியே கட்டிடுங்க" என்றார். இங்கு வந்த ஏழு மாதத்தில் என்னை ஒருவர் தொட்டது அதுதான் முதல் முறை. கண் கலங்கிவிட்டது. சிமெண்டுத் தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

என் அறை ஜன்னலுக்குத் திரை இல்லை. வெயில் நேராகக் கட்டிலில் விழுகிறது. உன் பழைய பருத்திச் சேலை ஒன்று அனுப்பு. துவைத்து அனுப்பாதே, நீ கட்டி அவிழ்த்தது அப்படியே வரட்டும்.

வேலைக்குக் கூட்டிப்போக வந்த வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

உன் மகள்