உரம் என்று நினைத்த முட்டைகள்

அன்புள்ள அப்பாவுக்கு யுவராணியின் வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். போனில் எனக்குப் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

செம்பரம்பாக்கத்தில் எங்கள் நர்சரிக்குப் பக்கத்து வயலை மனை போடுவதற்காக, எங்கிருந்தோ லாரிகளில் மண் கொண்டுவந்து நிரப்பினார்கள். மிஞ்சிய மண்ணை நாங்கள் செடித் தொட்டிகளில் போட்டோம். அதில் வெள்ளை உருண்டைகள் கிடந்தன. "உரம் கலந்த மண்ணுடி, சோக்கா கீது," என்றார் கூட வேலை செய்யும் தாயம்மா அக்கா. எனக்குச் சந்தேகம். நாலைந்தைத் தண்ணீரில் போட்டேன், கரையவில்லை. ஒன்றை நசுக்கினால் உள்ளே குட்டி நத்தை! மழை வந்தால் கன்றுகளையெல்லாம் மொட்டையாக்கும் ஆப்பிரிக்க நத்தை, அப்பா!

அதற்குள் முந்நூறு தொட்டிகள் ஆவடி வீடுகளுக்குப் போக வேனில் ஏறிவிட்டன. ஓடிப்போய்க் குறுக்கே நின்று, "நிறுத்துங்க சார்!" என்று கத்தினேன்.

"இன்னாம்மா, உனக்குப் பேசக்கூட வருமா?" என்று சிரித்தார் முதலாளி ஜெயபால் சார். முட்டைகளைக் காட்டியதும் எல்லாத் தொட்டிகளையும் இறக்கச் சொல்லிவிட்டார்!

போர்த்திக்கொள்ள அம்மாவின் பழைய சேலை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், அம்மாவின் வாசனை போய்விடும். வாசலில் மண் லாரி ஹாரன் அடிக்கிறது. இப்போதெல்லாம் நான் போய்ப் பார்த்த பிறகுதான் இறக்குவார்கள்.

உங்கள் மகள்,
யுவராணி