பூவரசு நிழலில் கிடந்த வலை

கிண்ணியா
03.04.1962

அன்புள்ள ஸுஹைர் காக்காவுக்கு, தங்கச்சி லைலா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நாங்கள் சுகம். மதினியும் மருமகன் கலீலும் சுகமாக இருக்க அல்லாஹ்விடம் கேட்கிறேன்.

சுகம் என்று எழுதிவிட்டேன், ஆனால் வீடு வீடாக இல்லை. நீங்கள் கொழும்பிலிருந்து அனுப்பிய நைலோன் வலை போன கிழமை கடலில் கிழிந்துபோனது. பாரை மீன் கூட்டம் விழுந்த நேரம் பார்த்து, பழைய சாக்கு மாதிரி வாய் விட்டதாம். கரையில் எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். உங்கள் மச்சான் வந்த கோபத்தில், "உன்ட காக்கா கழிவுச் சாமான என்ட தலையில கட்டிட்டார். அந்த ஊட்டுக்கு என்ட புள்ளையக் குடுக்க மாட்டன்" என்று சொல்லிவிட்டார். மகள் ரபீக்கா குசினியில் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாள் கழிய அவளுக்கும் கலீலுக்கும் கல்யாண நாள் வைப்போம் என்று பேசியது என்ன ஆவது, காக்கா?

எனக்குத்தான் ஒன்றும் விளங்கவில்லை. வலை கூடாது என்று சொல்ல ஏலாது. வந்த புதிதில் இரண்டு பேர் இழுத்தும் அறாத நூல் அது. அவர் கவனிக்கவில்லை என்று சொன்னாலும் பாவம். பருத்தி வலைக்குச் செய்ததையெல்லாம் இதற்கும் செய்தார். கடலால் வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, வேலியில் விரித்து, அசர் தொழுகை நேரம் வரைக்கும் வெயில் காட்டுவார். இது அழுகாது, காய வைக்கத் தேவையில்லை என்று நீங்கள் சொன்னதை நான் ஞாபகப்படுத்தியதற்கு, "காயாத வலை எங்க நிலைச்சிருக்கு?" என்று ஏசினார்.

பிறகு நான் கிழிசலை எடுத்துப் பார்த்தேன். வெயில் பட்ட பக்கம் கையால் இழுக்கவே அறுகிறது. வேலியில் எப்போதும் பூவரசு நிழல் விழுகிற முனையோ என் விரலை வெட்டுகிறது, அற மாட்டேன் என்கிறது. ஒரே வலை, ஒரே கடல். அப்படியென்றால் வெயிலா இதைத் தின்றது? நெல்லும் கருவாடும் வெயிலில்தானே நிலைக்கின்றன? நிலக்கரியிலிருந்து எடுக்கிற நூல் என்றீர்கள். கரியிலிருந்து வெள்ளை நூல் வருவதே எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் கரி வெயிலுக்குப் பயப்படுமா? அங்கே படித்தவர்கள் யாரிடமாவது கேட்டு எனக்கு மட்டும் எழுதுங்கள். யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது.

அவரிடம் வாய் திறக்கப் பயம். வெயில் பக்கத்திலும் நிழல் பக்கத்திலும் ஒவ்வொரு துண்டு வெட்டி அவர் உட்காருகிற கதிரையில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். திரும்பி வரும்போது கதிரையில் ஒன்றும் இல்லை. விடிந்து பார்த்தால் மிச்ச வலை பூவரசின் கீழே சுருட்டிக் கிடக்கிறது. மேலே போர்த்தியிருப்பது நாங்கள் படுக்கிற பாய். சோறு தின்னும்போது, "கொழும்பால கடிதம் வந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

காக்கா, வலையைப் பற்றி அவருக்கு ஒரு வரியும் எழுதாதீர்கள். பெருநாளைக்கு மதினியையும் கலீலையும் கூட்டிக்கொண்டு, எதுவும் நடக்காதது போல வந்து இறங்குங்கள். ரபீக்கா வாசலைப் பார்த்தபடி இருக்கிறாள். பூவரசடியில் அந்தப் பாயைக் கண்டாலும் காணாதவர் போல உள்ளே வந்துவிடுங்கள். நானும் அதை இன்னும் கேட்கவில்லை. இரண்டு பேரும் வெறும் தரையில்தான் படுக்கிறோம்.

உங்கள் வரவுக்கு துஆ கேட்கும்,
தங்கச்சி லைலா