முதல் சரணம் யாருக்கு

டிசம்பர் 9, செவ்வாய்

மழை. பனி விழ வேண்டிய நேரத்தில் மழை. ஸ்டோவ்னரில் டி-பானே ரயில் வழமைபோலப் பிந்தியது. ஒத்திகைக்கு நனைந்த சப்பாத்துடன்.

செய்ய: கறுப்புப் பாவாடைக்கு விளிம்பு. சனி வேலையை யாருடனாவது மாற்றுவது. ஆங்கில உச்சரிப்பு, இரண்டாம் சரணம்.

ஹென்ரிக் இன்று சொல்லிவிட்டார். எங்கள் பாடகர் குழுவை நடத்துபவர். சிறுவனாக இங்கிலாந்தில் ஒரு பேராலயத்தில் பாடியவர், அதை ஒருநாளும் நாங்கள் மறக்க விடமாட்டார். இந்த வருட நத்தார் கரோல் ஆராதனை அங்கத்தைய முறைப்படியே. விளக்கெல்லாம் அணைத்திருக்கும். நாங்கள் சனங்களுக்குப் பின்னால், வாசலடியில். முதல் சரணம் தனிக் குரல், ஓர்கன் கிடையாது. யார் பாடுவது என்று முன்கூட்டிச் சொல்லமாட்டார். மூன்று பேர் ஆயத்தமாக நிற்க வேண்டும். அந்த நேரத்தில் விரல் நீட்டுவார்.

"முன்னமே சொன்னால் ஒருத்தி பயந்து செத்துவிடுவாள்."

இங்ரிட், மார்த்தா, நான். இப்போது மூன்று பேரும் சாகிறோம்.

டிசம்பர் 11, வியாழன்

தொண்டை கரகரப்பு. இஞ்சி, உப்புத் தண்ணீர்.

சின்ன வயதிலிருந்து சனிக்கிழமைகளில் கர்நாடக சங்கீத வகுப்பு. அது இப்போது வில்லங்கம். நேராக நிற்க வேண்டிய சுரத்தில் குரல் தானாக அசைகிறது. மூன்றாம் வரியில் மேலே ஏறும் இடத்தில் கீழிருந்து வழுக்கிக்கொண்டு போகிறேன். "வழுக்காதே, கண்ணாடி மாதிரி வை," ஹென்ரிக்.

இன்னொரு பயம், சுருதி. ஓர்கன் இல்லாமல் பாடும்போது இறங்கினால் யாருக்கும் தெரியாது. பிறகு ஓர்கன் சேரும், அப்போது தேவாலயம் முழுக்கத் தெரியும்.

கீழ்த்தளத்துச் சலவை அறையில் பயிற்சி. இயந்திரத்தின் இரைச்சல்தான் தம்பூரா. மேலே வந்தால் அம்மா:

"உடுப்பே இல்லாமல் என்ன தோய்க்கிறாய் அங்கை?"

"பாடிப் பாக்கிறன்."

"வீட்டிலை பாடினா வீடு இடிஞ்சு விழுமோ?"

அம்மா கேட்டால் திருத்துவார். அசைவைக் கூட்டச் சொல்வார்.

டிசம்பர் 13, சனி

ஆராதனைக்கான துண்டுப்பிரசுரம் வந்தது. குழுவில் இத்தனை பேர், அட்டையில் என் முகம் மட்டும். கோடையில் ஏரிக்கரையில் எடுத்த படம், வாயைத் திறந்து ஏதோ தின்கிறேன். கீழே "எல்லோருக்கும் நத்தார்". என்னை ஒருவரும் கேட்கவில்லை.

இங்ரிட் சிரித்துக்கொண்டு: "உனக்குத்தான் தருவார், பார். படம் எடுக்க ஆட்கள் வருகிறார்கள்."

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எரிகிறது. குரலில் தமிழ் வாசம் வரக்கூடாது. அட்டையில் மட்டும் தமிழ் முகம் வேண்டும். விரல் என் பக்கம் திரும்பினால் எதற்காகத் திரும்பியது என்று எனக்கு எப்படித் தெரியும்?

மோர்டென்ஸ்ருட்டில் இருக்கிற மாமி தொலைபேசியில், ஸ்பீக்கரில்:

"சைவப் பிள்ளையை வேதக்காரற்றை பாட்டுக்கு விட்டிருக்கிறியள்."

அம்மா: "பாடத்தானே போறாள், ஞானஸ்நானத்துக்கோ போறாள்? நீங்களும் வாங்கோ மச்சாள். கேக் குடுப்பினமாம்."

மாமி வருகிறார்.

டிசம்பர் 16, செவ்வாய்

வழுக்குப் பனி. விழவில்லை.

ஒத்திகை முடிந்து ஹென்ரிக் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒருவேளை நான் பாடுவதானால் பின்னால் நிற்க வேண்டாமாம். முன்னுக்கு, பலிபீடப் படியில், கையில் மெழுகுதிரியுடன். "அழகாக இருக்கும். படம் எடுப்பவர்களுக்கும் வசதி."

"இங்ரிட் என்றால்?"

"இங்ரிட் என்றால் வழமைபோலப் பின்னால், இருட்டில்."

தான் சொன்னது அவருக்கே கேட்கவில்லை.

இருட்டில் மட்டும்தான் பாடுவேன், இல்லையென்றால் என்னை விட்டுவிடுங்கள் என்றேன். முகம் சிவந்துவிட்டது மனிதருக்கு.

"நீ தவறாக விளங்கிக்கொள்கிறாய்."

"அப்ப விளக்குங்கள்."

கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ரயிலில் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சரியாகத்தான் சொன்னேன். இனித் தரமாட்டார். எனக்கு அந்தச் சரணம் வேண்டும். வெட்கமில்லாமல் வேண்டும்.

டிசம்பர் 18, வியாழன்

நித்திரை இல்லை. ஹென்ரிக்கிடமிருந்து ஒரு சொல் இல்லை. பாவாடை தைத்தாயிற்று, கோணல்.

அம்மா வேலைக்கு வெளிக்கிடும்போது:

"நேரத்தோடை வந்து முன் வாங்கிலை இருப்பம். உன்னை வடிவாப் பாக்கலாம்."

"நாங்கள் பின்னுக்கு அம்மா. இருட்டாயும் இருக்கும்."

"பாடுறவை பின்னுக்கோ? அப்ப நாங்கள் ஆரைப் பாக்கிறது?"

"பாக்கத் தேவையில்லை. கேட்டாக் காணும்."

"நல்ல கதை. சீலையும் மினுக்கி வைச்சிட்டன்."

தனிச் சரணம் பற்றிச் சொல்லவில்லை. கிடைக்காவிட்டால் மாமிக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும்.

டிசம்பர் 20, சனி

பனி, ஒருவழியாக.

வாசலடியில் நின்றோம், கதவிடுக்கால் குளிர். படம் எடுப்பவர்கள் முன்னுக்கு. விளக்குகள் அணைந்தன. யாரோ இருமினார்கள். ஹென்ரிக்கின் கையில் சின்ன விளக்கு. இங்ரிட்டைப் பார்த்தார். முடிந்தது என்று நினைத்தேன். விரல் என் பக்கம்.

பயந்து தந்தாரா, குரலுக்குத் தந்தாரா என்று யோசிக்க நேரம் இல்லை. மூச்சு. பாடினேன். மூன்றாம் வரி நேராக நின்றது. கடைசிச் சொல்லில் ஒரு சின்ன அசைவு, அது என்னுடையது, விட்டுவிட்டேன். பிறகு ஓர்கன் சேர்ந்தது. அதே சுருதி.

முன்னே நடந்து போய் வரிசையில் நின்ற பிறகுதான் விளக்கு. படம் எடுத்தார்கள். எல்லோருமாக, எல்லோருக்கும் வாய் திறந்தபடி.

முடிந்து கோப்பி அறையில் அம்மாவும் மாமியும். அம்மாவின் கண் சிவந்திருந்தது.

"முதல் தனியப் பாடினது ஆர் பிள்ளை? அந்தப் பொன்மயிர்க்காரியோ?" இங்ரிட்டைக் காட்டினார். "என்ன குரல்! நெஞ்சை ஏதோ செய்திட்டுது. நீயும் அவளிட்டைக் கேட்டுப் பழகன்."

"நான்தான் அம்மா."

"சும்மா போடி," என்று சொல்லிவிட்டு, கேக் தட்டுடன் இங்ரிட்டின் பக்கம் நடந்தார்.