கதவின்முன் காத்துநின்ற மேலைநாட்டு அரசி

திரை ஓயாத கோடிமுனை நாட்டைத் தம் குடைநிழலில் வைத்துக் காக்கும் செந்தீரப் பெருமாளின் இடப்பக்கம் அமர்ந்த பட்டத்தரசி அவனிநங்கை, முத்தலைப்பட்டினத்துத் துறையதிகாரி சாத்தன் வங்கத்தரையருக்கு எழுதுவித்த திருமுகம். துறையும் தோணியும் தழைக்க. வலையில் மீனும் உலையில் அரிசியும் குறையாதிருக்க. உமது குடி நலம் பெறுக. இங்கு மன்னர் நலம், அரண்மனை நலம். தெளிவு ஒன்றுதான் இல்லை.

உமது ஓலை வந்தது. வலோரிய நாட்டு அரசி எலவீனை நம் மிளகுக் கலத்தில் ஏறி உமது துறைக்கு வந்திருக்கிறாள் என்றும், பின்னாலேயே வந்த வேற்றுக் கலத்தில் அந்நாட்டுப் புதிய சபையாரின் தூதன் நின்று, அவளைக் குற்றவாளி என்று சொல்லிக் கட்டி ஒப்படைக்கக் கேட்கிறான் என்றும், ஒப்படைத்தால் அவள் தலை தப்பாது என்றும், முரசு கொட்டுவதா விலங்கு பூட்டுவதா என்று தெரியாமல் நீர் கையைப் பிசைந்துகொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தீர். அவளை எப்படி அழைப்பது என்றுகூடக் கேட்டிருந்தீர். நம்மினும் இளையவள் என்பதால் நாம் இவ்வோலையில் அவள் என்றே எழுதுகிறோம். நீர் தேவியார் என்றே சொல்லும்.

கையைப் பிசைபவர் நீர் ஒருவர் மட்டுமல்லர். மன்னர் காலையில் ஒப்படைக்கச் சொன்னார். உண்டு முடித்ததும் வேண்டாம் என்றார். பொழுது சாய்வதற்குள், இது பெண்கள் காரியம் என்று முத்திரை மோதிரத்தைக் கழற்றி நம் கையில் வைத்துவிட்டு வேட்டைக்குப் புறப்பட்டுவிட்டார். அரசனில்லாத சபைக்கு முத்திரை உண்டா, அதன் தூதனுக்கு ஆசனம் இடலாமா என்று அமைச்சர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஆகவே அவர்கள் மொழி அறிந்த நம் தோழி பரவைநங்கையைக் கலத்துக்கு அனுப்பி, அவ்வரசி வாய்திறந்து சொன்னதைக் கேட்டுவரச் செய்தோம். அதை நீரும் அறியவேண்டும்.

எலவீனை ஒரு மலைநாட்டுத் தலைவனின் மகள். குதிரையேறித் திரிந்து, காலில் முள் தைத்தால் தானே பிடுங்கி எறிந்து வளர்ந்தவள். முகம் பாராமலே வலோரியத்து அரசனுக்கு அவளைப் பேசி முடித்தார்கள். அங்கே போன அன்றே அவள் ஒரு பெரும்பிழை செய்தாள்: பள்ளியறைக் கதவைத் தன் கையால் திறந்துவிட்டாள். அவ்வரண்மனையில் கதவு திறப்பது வாயிலோர் குடிகளுக்கு முன்னோர் அளித்த உரிமையாம். அரசகுலத்தார் தாழைத் தொட்டால் அக்குடியைத் துரத்தியதாகப் பொருளாம். அந்த வாயிலோன் அழுது மாமியார் காலில் விழ, மாமியாரோ அன்று உணவையே ஒதுக்கிவிட்டாராம். அரசிக்கு ஒரு திறப்பு, அரசனுக்கு ஒரு திறப்பு. அவள் புகுந்ததும் கதவைச் சாத்தி, அவனுக்கு மறுபடி திறக்கவேண்டும் என்பதும் அங்கே முறை. கணவனும் மனைவியுமாக ஒரே நேரத்தில் ஒரு வாசலைக் கடந்ததில்லை என்று சொல்லி அவள் சிரித்தாளாம். சிரித்தாளா அழுதாளா என்று பரவைக்கே தெளிவாகத் தெரியவில்லை.

அப்படியே ஆண்டுகள் சென்றன. தாழைத் தொடும் நினைவே அவள் கைக்கு மறந்துபோயிற்று. பிறகு ஒருநாள் அரண்மனை முற்றத்தில் பெருங்கூட்டம் கூடி ஆரவாரித்தது. என்ன வேண்டுமாம் என்று அவள் கேட்டதற்கு, தேவியாரின் திருமுகம் காண விரும்புகிறார்கள் என்று பிரபுக்கள் விடை சொன்னார்கள். பாவம், அவள் பட்டாடை உடுத்து மாடத்தில் வந்து நின்று கையசைத்தாள். கூட்டம் சட்டென்று அடங்கியது. அடுத்த கணம் முதற்கல் வந்து விழுந்தது. அவர்கள் கேட்டது ரொட்டி என்று வெகுநாள் கழித்தே அவளுக்குத் தெரிந்தது.

கலகம் உள்ளே புகுந்த அன்று, தோட்டத்துச் சிறுகதவருகே வண்டி நிற்கிறது, ஓடிப்போ, நான் பின்னால் வருகிறேன் என்று அரசன் சொல்லியனுப்பினான். அவள் ஓடினாள். கதவு சாத்தியிருந்தது, வாயிலோனைக் காணவில்லை. அவள் நின்றாள். சற்றுப் பொறுத்து அரசனும் வந்தான், அவனும் நின்றான். வெளியே குதிரை கனைப்பது கேட்கிறது, உள்ளே கோடரி விழும் ஓசை கேட்கிறது, இருவரும் வாயிலோனுக்காகக் காத்து நிற்கிறார்கள். பரவையை நிறுத்தி, இதை மட்டும் மறுபடி சொல்லச் சொன்னோம், வங்கத்தரையரே.

கடைசியில் வாயிலோன் வந்தே விட்டான். கலகக்காரரின் சிவப்புக் கச்சையைக் கட்டிக்கொண்டு, கையில் ஈட்டியோடு, கூட்டத்துக்கு முன்னால் வந்தான். அரசி கதவின்முன் நிற்பதைக் கண்டதும் பழக்கம் விடவில்லை. ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்து தலைகுனிந்தான். அவளும் பழக்கத்தால் தலைநிமிர்ந்து வெளியே நடந்தாள். அவன் முறைப்படி கதவைச் சாத்தினான். அரசனுக்கு மறுபடி திறக்க அவகாசம் இருக்கவில்லை. வண்டி அவளைத் துறைமுகத்தில் சேர்த்தது; அரசன் தலை மறுநாள் சந்தைவெளியில் உருண்டது. அந்தக் கதவு தாழிடப்படவே இல்லை, தள்ளினால் திறந்திருக்கும் என்று துறைமுகத்துக்கு வந்த யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

தன் கணவனைக் கொன்றது அக்கூட்டமா, தன் கையா என்று அவள் பரவையைக் கேட்டாளாம். பரவை நம்மைக் கேட்டாள். நமக்கு விடை தெரியவில்லை. அவள் உண்டதும் உடுத்ததும் பசித்தவர் வயிற்றிலிருந்து பிடுங்கியது என்று தூதன் சொல்வதும் பொய்யில்லை. அவள் மேல் இரக்கப்படுகிறோம். அவள்மீது கல்லெறிந்தவரிடம் கோபம்கொள்ள முயன்றோம், வரவில்லை. இதுதான் நம் நிலை.

ஆயினும் தெரியாத ஒன்றுக்காக ஒருத்தியின் தலையைக் கொடுக்க நமக்கு மனமில்லை. ஆகவே ஆணை. எலவீனை தேவியாரை ஒப்படைக்கவேண்டா. முரசும் வேண்டா, விலங்கும் வேண்டா; உமது மனைவியார் தோணியில் சென்று கைபிடித்து இறக்கி, உமது இல்லத்தில் வைத்துச் சோறிடுக. தூதனுக்கு ஆசனமிட்டு, நன்னீரும் உணவும் கலத்தில் ஏற்றி, கோடிமுனை அடைக்கலம் வந்தவரைத் திருப்பித் தருவதில்லை என்று பணிவாகச் சொல்லி அனுப்புக. அவன் சீறினால் சீறட்டும், பழி நம்முடையது.

இன்னும் ஒன்று. சென்ற மாசித் திருநாளில் உமது பட்டினத்து உப்பளத்தார் திரளாக வந்து நம் கீழைவாயிலில் நின்று ஆரவாரித்தார்கள். வாழ்த்துகிறார்கள் என்று அமைச்சர் சொன்னார். நாமும் மாடத்தில் நின்று பூவும் பொரியும் இறைத்தோம். அவர்கள் பூவைப் பொறுக்காமல் போனது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. எவரையும் அனுப்பாமல் நீரே உப்பளத்துக்கு நடந்து சென்று, அன்று அவர்கள் என்ன சொல்லிக் கூவினார்கள் என்று கேட்டு, ஒரு சொல்லும் மாற்றாமல், நம் மனம் நோகுமே என்று எண்ணாமல், எழுதி அனுப்புக. தாமதம் ஆகாது. இது நம் மொழி. மன்னர் மோதிரம் பதித்தது. கடலும் கதிரும் சான்று.