எதிர்க் கட்டிடம்

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். யாரையும் கெஞ்சி எழுத வைக்கவில்லை, என் கைதான். எழுத்து கோணல்மாணலாக இருக்கும், சில இடத்தில் கோட்டை விட்டு இறங்கியும் போகும். பொறுத்துக்கொண்டு படி. ஒரு காலைப் பொழுது முழுக்க இந்தப் பக்கத்துக்கே போய்விட்டது.

முதியோர் கல்வி வகுப்பில் வயதிலும் சேட்டையிலும் நான்தான் மூத்தவன். "பேசாம எழுதுங்க தாத்தா" என்று வாத்தியாரம்மா அதட்டுகிறார். பக்கத்தில் உட்காரும் தையல்காரர், ஒரு எழுத்து மறந்தால் "ஹேங் ஆயிட்டேன்" என்கிறார். நான் வேலை பார்த்த கம்ப்யூட்டர் மெஷின் ரூமில் யாராவது ஹேங் என்று சொன்னால் மாடியே பதறி ஓடும். மெமரி என்பது அலமாரி உயரத்துக்கு ஒரு பெட்டி, தினமும் துடைத்திருக்கிறேன். இப்போது பழைய போட்டோவைப் பார்த்துக் கண்கலங்கினால் அதற்குப் பெயர் மெமரியாம். சொற்களும் உன்னைப்போல ஊர் மாறிப் பிழைத்துக்கொள்கின்றன.

ஒரு சங்கடம். போனில் இடமில்லையாம், வகுப்புப் பாடம் இறங்க மாட்டேன் என்கிறது. உன் அம்மா கடைசியாகப் படுக்கையில் இருந்தபோது உனக்காகப் பேசிப் பிடித்த வீடியோக்கள்தான் இடத்தை அடைத்திருக்கின்றன. அதைத் தொடப் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்?

உன் அப்பா

மார்ச் 15

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான் வேலை பார்க்கும் மருந்துக்கடை கவுண்டரில் நின்றபடியே படித்தேன். வரிசையில் இருந்த ஒருவர் "கெட்ட சேதியாம்மா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டே அழுதிருக்கிறேன் போல.

வீடியோக்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். போன தடவை வந்தபோதே எல்லாவற்றையும் பேக்கப் போட்டுவிட்டேன். இங்கே என் போனிலும் தெரிகிறது. வேலை முடிந்து பஸ்ஸில் ஒன்றாவது பார்க்காமல் நான் வீடு திரும்புவதில்லை. அம்மாவுக்குப் போனைப் பிடிக்கவே தெரியாதே! படத்தில் மின்விசிறிதான் சுற்றுகிறது. "ஏண்டி, சாப்ட்டியா இல்லையா, அத மொதல்ல சொல்லு" என்று குரல் மட்டும் வருகிறது. அதைக் கேட்டால்தான் எனக்கு அன்றைய நாள் முடியும்.

வேண்டாததை அழித்துவிட்டுப் பாடத்தை இறக்குங்கள். நிறைய எழுதுங்கள்.

உங்கள் மகள்

மார்ச் 27

அம்மாடி,

பேக்கப் என்று நீ எழுதியதைப் படித்ததும் துள்ளிவிட்டேன். அது என் சொல்! ஆபரேட்டர்கள் என் பெயரையே மறந்து "டேய் பேக்கப்" என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் கணக்கெல்லாம் டேப்பில் ஏறியதும், ஒரு பிரதியைத் தோளில் சுமந்து சாலையைக் கடந்து, எதிர்க் கட்டிடத்து இரும்பு அறையில் வைத்துப் பூட்டுவேன். இங்கே தீப்பிடித்தாலும் அங்கே இருக்கும். நான் சாவியோடு திரும்பி வந்து தலையாட்டினால்தான் இங்கே பழைய டேப்பை அழித்து மறுநாளைக்குக் கொடுப்பார்கள். அதுதான் முறை.

உன் அம்மா எதிர்க் கட்டிடத்தில் பத்திரமாக இருக்கிறாள் என்று தெரிந்ததும், அந்த முறைப்படி இங்கே துடைத்துவிட்டேன். போன் "நிரந்தரமாக நீக்கவா?" என்று கேட்டது. நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், கண்ணு! முன்பென்றால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன். போனின் குப்பைத்தொட்டியில் கிடந்ததையும் விடவில்லை, காலி செய்தேன். பாடம் சட்டென்று இறங்கிவிட்டது.

வாரம் ஒருமுறை போன் செய்து அவள் பேசியதில் ஒன்றை எனக்கும் போட்டுக்காட்டு. போதும்.

பேக்கப் என்கிற உன் அப்பா

ஏப்ரல் 8

அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வரும் முன்பே பஸ்ஸில் வீடியோவைத் தேடினேன். திறந்தேன், ஒன்றும் இல்லை. போன் கோளாறு என்றுதான் நினைத்தேன். கடிதத்தைப் படித்த பிறகுதான் புரிந்தது.

இப்போதைய பேக்கப்புக்கு எதிர்க் கட்டிடம் கிடையாது அப்பா. உங்கள் போனும் என் போனும் ஒரே அறைக்கு இரண்டு சன்னல் மாதிரி. ஒரு பக்கம் அறையைக் காலி செய்தால் மறுபக்கத்திலும் எதுவும் இருக்காது. ஊரெல்லாம் சொல்வதுபோல நானும் அதைப் பேக்கப் என்று சொல்லிவிட்டேன். போன் கம்பெனியில் கேட்டுப் பார்த்தேன். "ரெண்டு தடவையும் சம்மதம்னு அழுத்தியிருக்காங்க மேடம், இனி எடுக்க முடியாது" என்றார்கள்.

உங்கள் மேல் தப்பில்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வருகிறது, நம்ப வரவில்லை. நீங்கள் படிக்கவே கற்றிருக்க வேண்டாம் என்றுகூட ஒரு நிமிடம் நினைத்துவிட்டேன்.

கொஞ்ச நாள் போன் செய்யாதீர்கள். என்னால் பேச முடியாது.

மகள்

மே 12

மகளுக்கு,

போன் செய்ய வேண்டாம் என்றாய், செய்யவில்லை. எழுத வேண்டாம் என்று நீ சொல்லவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வகுப்புக்குப் போகாமல் இருந்தேன். வாத்தியாரம்மா வீட்டுக்கே வந்து என் நோட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார். நோட்டு அப்படியே கிடந்தது. நேற்றுதான் திறந்தேன்.

குரலை என்னால் கொண்டுவர முடியாது. அவள் பேசும்போதெல்லாம் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். காதில் நின்றதை எழுதுகிறேன்:

"ஏண்டி, உங்கப்பா சமையல் கத்துக்கிட்டாரு. உப்பு எங்க, புளி எங்கன்னு கேட்டே என் உசுர வாங்குறாரு. அடுப்புல வச்சத மறந்துட்டு இங்க வந்து உக்காந்து என் மூஞ்சியவே பாக்குறாரு. தீயுது, போங்கன்னா, எங்கங்கிறாரு. நான் இல்லாட்டி இந்த மனுஷன் என்ன ஆவாரோ. நீ வந்தா அவர..."

இதற்குப் பிறகு "திட்டாத" என்று எழுதினால் எனக்கு வசதிதான். ஆனால் அவள் சொன்னது "நல்லாத் திட்டு".

சொல்லிவிட்டு அவள் சிரித்தாளா, இருமினாளா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. அங்கே ஒரு வரியை வெறுமனே விட்டிருக்கிறேன். நீ பலமுறை கேட்டவள். தெரிந்தால் நீயே எழுதிக்கொள்.

பதில் போட வேண்டாம். இன்னொரு வீடியோவில் சன்னலைச் சாத்தச் சொல்லிவிட்டு உன் சின்ன வயசுக் காய்ச்சலைப் பற்றிப் பேசினாளே, அது கொஞ்சம் நீளம். அதை அடுத்த வாரத்துக்குள் எழுதி முடித்து அனுப்புகிறேன்.

அப்பா